யார் வீட்டு கேசடியா?

மெக்ஸிகோ சிட்டியின் தெருவோரக் கடையில் நின்று ஒரு கேசடியா கொடுங்கள் என்று கேட்டால், கல்லின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். சீஸ் போட்டா, போடாமலா?

விளையாட்டு இல்லை. கேசோ என்றால் ஸ்பானிஷில் சீஸ். கேசடியா என்கிற பெயரே அதிலிருந்து வந்ததுதான். தேங்காய் சாதம் கேட்டவரிடம் தேங்காய் போடலாமா, வேண்டாமா என்று விசாரிப்பது மாதிரி. ஆனால் தலைநகரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மக்காச்சோள மாவைத் தட்டி, நடுவே எதையாவது வைத்து, பாதியாக மடித்து, கல்லில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ எடுத்தால் அது கேசடியா. உள்ளே பூசணிப்பூ இருக்கலாம். காளான் இருக்கலாம். சோளக்கதிரில் படரும் ஹுயிட்லகோச்சே என்கிற கறுப்புப் பூஞ்சைகூட இருக்கலாம். சீஸ் வேண்டுமா, தனியாகச் சொல்ல வேண்டும்.

இதைக் கொண்டுபோய் வடக்கே மான்டெரேயில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சீஸ் இல்லாவிட்டால் அது எப்படி ஐயா கேசடியா? தலைநகரத்துக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? அது ஸ்பானிஷ் சொல்லே இல்லை, பழைய நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது, அதற்கும் சீஸுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது என்று ஒரு கதையை எடுத்துவிட்டார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கதை சௌக்கியமாக உலவிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு விவகாரத்தில் ஆதாரம் யாருக்கு வேண்டும்?

சொந்த ஊரிலேயே பஞ்சாயத்து தீராத இந்தப் பண்டம், ரியோ கிராண்டே நதிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேறு வேஷம் கட்டியிருக்கிறது. சோளத்துக்குப் பதில் கோதுமை மாவு டோர்ட்டியா. கைநிறைய சீஸ். அதன்மேல் மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி. மடித்துச் சுட்டு, முக்கோணமாக வெட்டி, தொட்டுக்கொள்ள சவர் க்ரீமும் அவகாடோ மசியலும். ஸ்டேக் கேசடியா. ஹோட்டல்களிலும் கிடைக்கிறது என்றாலும் இதன் நிஜமான ராஜ்ஜியம் வீடுதான். நேற்று ராத்திரி சுட்ட இறைச்சி கொஞ்சம் மீந்திருக்கிறது, ஃப்ரிட்ஜில் சீஸ் இருக்கிறது, பிள்ளைகள் பசி என்று கத்துகின்றன. 20 நிமிஷத்தில் ஆச்சு. (மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மேட்டர் இறைச்சியைப் பற்றியது மட்டும் இல்லை.)

இது அசலா, போலியா? அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியை வைத்துப் புத்தகங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. அதில் முக்கியமான மூன்றைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அடுப்படிக்கும் போகலாம்.

*

முதல் புத்தகம் 1972-ல் வந்தது. 'தி குஸீன்ஸ் ஆஃப் மெக்ஸிகோ'. எழுதியவர் டயானா கென்னடி. பிறந்தது இங்கிலாந்தில். 'நியூ யார்க் டைம்ஸ்' நிருபரான பால் கென்னடியோடு வாழ 1957-ல் மெக்ஸிகோவுக்குப் போனவர். கணவர் காலமான பிறகு நியூ யார்க்கில் மெக்ஸிகோ சமையல் வகுப்பு எடுத்தார். புத்தகம் எழுதினார். கடைசியில் மெக்ஸிகோவிலேயே, மிச்சோவாகான் மாநிலத்தில் வீடு கட்டிக்கொண்டு செட்டிலாகிவிட்டார். 2022 ஜூலையில் இறந்தபோது வயது 99.

இடைப்பட்ட காலமெல்லாம் அம்மணி செய்தது ஒரே வேலை. பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது. சந்தையில் யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பது. கிராமத்து அடுக்களையில் உட்கார்ந்து கவனித்து, செய்து பார்த்து, எழுதுவது.

புத்தகத்தின் தலைப்பைக் கவனியுங்கள். 'குஸீன்ஸ்.' பன்மை. மெக்ஸிகோ சமையல் என்று ஒன்று இல்லை, பல இருக்கின்றன என்பதைத் தலைப்பிலேயே சொன்னார். மெக்ஸிகோ என்றால் டாக்கோவும் மிளகாய்ப் பொடியும்தான் என்று நம்பிக்கொண்டிருந்த அமெரிக்க வாசகருக்கு அதுவே பெரிய சமாசாரம். இரண்டாவது சிறப்பு இன்னும் முக்கியம். ஒரு பண்டத்தை யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். உலகம் முழுக்க சமையல் புத்தகங்கள் ஊரார் வீட்டுக் கைமணத்தைத் தன் பெயரில் அச்சடித்துக்கொள்ளும் தொழிலாக இருக்கும்போது, இது சாதாரண நேர்மை இல்லை.

டோர்ட்டியா விஷயத்தில் அவர் காட்டிய கறார்த்தனத்துக்கும் நியாயம் உண்டு. மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் டோர்ட்டியாவுக்கான மாவு வராது, உதிர்ந்து போகும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, கழுவி, பிறகு அரைக்க வேண்டும். ஆமாம், நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அப்படிப் பக்குவம் செய்த சோளத்துக்கு நிக்ஸ்டமல் என்று பெயர். மாவுக்குப் பிசுபிசுப்பு வருவது ஒரு லாபம். சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்கிற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேர்வது பெரிய லாபம். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, சோளத்தையே நம்பிப் பிழைத்த வட இத்தாலியின் ஏழைகளுக்கு பெலக்ரா என்கிற கொடிய நோய். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அதே கதை. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, ஜனங்கள் செத்தார்கள். ஒரு கிராமத்துக் கிழவியின் செய்முறையில் ஒரு படியை முட்டாள்தனம் என்று நினைத்துத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அந்தச் சோளத்தைத்தான் மெக்ஸிகோவின் படித்த மேல்தட்டே ஒரு காலத்தில் கேவலமாகப் பார்த்தது. பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்கிற அரசியல்வாதி 1899-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதகுலத்தைக் கோதுமை தின்பவர்கள், அரிசி தின்பவர்கள், சோளம் தின்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமைக்காரர்கள்தான் உசத்தி என்றார். (அரிசிக்காரர்களான நமக்கும் அவர் கணக்கில் மார்க் கிடையாது.) இப்படியொரு சரித்திரம் உள்ள நாட்டில், சோள டோர்ட்டியாவைக் கையில் ஏந்தி இதுதான் நாகரிகம் என்று டயானா சொன்னதற்கு மரியாதை உண்டு. மெக்ஸிகோ அரசாங்கமும் 1981-ல் தன் உயரிய விருதான ஆஸ்டெக் கழுகு விருதை அவருக்குக் கொடுத்தது.

இவ்வளவும் சரி. கோளாறு எங்கே?

அதே புத்தகத்தில் அவர் ஒரு கோடு போட்டார். அமெரிக்க ஹோட்டல்களில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் குவித்து, மேலே சாஸை ஊற்றிக் கொடுக்கிறார்களே, அது மெக்ஸிகோ சாப்பாடு இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை தரம் பற்றிய கண்டனம். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சாப்பாட்டு விமர்சகர்கள் அதை ஜாதிச் சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அசல், அந்தப் பக்கம் டெக்ஸ்-மெக்ஸ். டெக்ஸ்-மெக்ஸ் என்பது ஆதியில் ஒரு ரயில்வே கம்பெனியின் சுருக்கப் பெயர். 1875-ல் உரிமம் வாங்கிய டெக்சஸ் மெக்ஸிகன் ரயில்வே. 1970-களுக்குப் பிறகு அது சாப்பாட்டு உலகில் கிட்டத்தட்ட ஒரு வசவு.

*

இந்தக் கதையை விலாவாரியாக எடுத்து வைத்தவர் ராப் வால்ஷ். 2004-ல் வந்த 'தி டெக்ஸ்-மெக்ஸ் குக்புக்' அவருடையது. சமையல் குறிப்புகளும் பழைய புகைப்படங்களுமாக, பார்ப்பதற்குக் குடும்ப ஆல்பம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு வழக்கு. டெக்ஸ்-மெக்ஸ் என்பது கெட்டுப்போன மெக்ஸிகோ சமையல் இல்லை, அமெரிக்காவின் பழைய வட்டாரச் சமையல்களில் ஒன்று என்பது அவர் கட்சி.

சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மெக்ஸிகோ வம்சாவளிப் பெண்கள் சாயங்காலமானால் அடுப்பும் விளக்கும் வைத்துச் சாப்பாடு விற்றார்கள். சில்லி ராணிகள் என்று பெயர். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அவர்களைப் பார்க்காமல் போக மாட்டார்கள். 1930-களின் கடைசியில் சுகாதார விதிகளைக் காட்டி நகர நிர்வாகம் அவர்களை அப்புறப்படுத்தியது. கையேந்தி பவன்களை விரட்டும் வைபவம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதலில் சுத்தம் இல்லை என்று விரட்டப்பட்டார்கள். பிறகு அதே வம்சத்தின் சமையலை, அசல் இல்லை என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். டெக்சஸில் நான்கு தலைமுறையாக மெக்ஸிகோக்காரர் என்று சொல்லி வாழ்கிற ஒரு குடும்பத்திடம், உன் பாட்டி சமைத்தது மெக்ஸிகோ சாப்பாடே இல்லை என்று லண்டன் பக்கத்தில் பிறந்த ஒருவரின் புத்தகத்தைக் காட்டிச் சொன்னால் எப்படி இருக்கும்? பாட்டியைத் திட்டினால் யாருக்குப் பொறுக்கும்?

மூன்றாவது புத்தகம் இந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான். 2012-ல் குஸ்டாவோ அரெயானோ எழுதிய 'டாக்கோ யூஎஸ்ஏ'. அரெயானோ கலிஃபோர்னியாப் பத்திரிகையாளர், மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பம். ஆசாமிக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி. சிரிக்க வைத்துக்கொண்டே ஊசி குத்துவார். அசல், போலி என்கிற பாகுபாடே கவைக்குதவாதது, மெக்ஸிகோ மக்கள் போன இடமெல்லாம் அங்கே கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள், அதெல்லாமும் மெக்ஸிகோ சமையல்தான் என்பது அவர் வாதம். டயானா கென்னடியும் அதில் தப்பவில்லை.

ஸ்டேக் கேசடியாவை வைத்தே இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பிரித்துப் போடுங்கள். முதலில் டோர்ட்டியா. கோதுமை ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தது. ஆனால் சொனோரா மாதிரி வறண்ட வடக்குப் பகுதிகளில் ஏசு சபைப் பாதிரிகள் 17-ம் நூற்றாண்டிலேயே கோதுமை பயிரிட வைத்துவிட்டார்கள். அங்கே கோதுமை டோர்ட்டியாதான் வீட்டுச் சாப்பாடு. முழங்கை நீளத்துக்கு, கண்ணாடி போல மெல்லிசாக வீசுவார்கள். நம் பரோட்டா மாஸ்டர்கள் பார்த்தால் கைகொடுப்பார்கள். இது அமெரிக்கக் கலப்படம் இல்லை.

அடுத்து மாடு. அதுவும் ஸ்பெயின்காரர்களோடு வந்ததுதான். வடக்கு மெக்ஸிகோவின் பரந்த புல்வெளிகளில் பெருகியது. அந்த மாட்டுப் பண்ணை வாழ்க்கை மெக்ஸிகோவின் வடக்கிலிருந்து டெக்சஸ் வரை ஒரே நீட்சி. டெக்சஸே 1836 வரை மெக்ஸிகோவில்தானே இருந்தது? எல்லைக்கோடு நகர்ந்தது. அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் சீஸ். வடக்கு மெக்ஸிகோவில் உருகும் சீஸ் என்றாலே சிவாவா மாநிலத்து சீஸ். அதை அங்கே செய்து பிரபலப்படுத்தியவர்கள் மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். ஜெர்மன் பேசுகிறவர்கள். கனடாவிலிருந்து 1922-ல் வந்து குடியேறியவர்கள். ஆக, சுத்த மெக்ஸிகன் கேசடியாவின் சுத்த மெக்ஸிகன் சீஸுக்கு வயது 100 சொச்சம், பூர்விகம் ஐரோப்பா, வழி கனடா. அசல் என்று எதைச் சொல்வீர்கள்?

ஆகவே தீர்ப்பு அரெயானோ பக்கமா? முக்கால்வாசி. மிச்சக் கால்வாசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாமே அசல்தான் என்று கதவைத் திறந்துவிட்டால், மோசமான கேசடியாவை எந்த வாயால் மோசம் என்பது? அரெயானோவுக்கு ருசி தெரியும், அவர் அந்தத் தப்பைச் செய்வதில்லை. ஆனால் அவர் வாதத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, எப்படிச் செய்தாலும் சரிதான் என்று சோம்பேறிகள் கிளம்பிவிட்டார்கள். அமெரிக்க வீடுகளில் புழங்கும் ஸ்டேக் கேசடியா செய்முறைகளில் பாதி இந்த ரகம்.

*

அந்த வழக்கமான செய்முறையை ஒரு தரம் படிப்போம். ஏதாவது ஒரு ஸ்டேக் அரை கிலோ. அதை நீளநீளமாக வெட்டு. குடமிளகாய், வெங்காயத்தோடு சேர்த்து ஒரே வாணலியில் வதக்கு. பாக்கெட் மசாலா ஒன்றைத் தூவு. டோர்ட்டியாவில் கொட்டி, துருவிய பாக்கெட் சீஸைப் போட்டு மூடி, பொன்னிறமாகும்வரை சுடு. முடிந்தது. எழுதியவர் மெக்ஸிகோக்காரரா, மின்னசோட்டாக்காரரா என்பது எனக்கு முக்கியம் இல்லை. இதில் வரிக்கு வரி கோளாறு. அதுதான் முக்கியம்.

'ஏதாவது ஒரு ஸ்டேக்' என்பதில் தொடங்குகிறது. இந்தப் பண்டத்துக்கு என்றே ஒரு துண்டு இருக்கிறது. மாட்டின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை. அமெரிக்கக் கசாப்புக் கடையில் ஸ்கர்ட் ஸ்டேக். டெக்சஸ் மெக்ஸிகோக்காரர்கள் வைத்த பெயர் ஃபஹீட்டா. ஃபாஹா என்றால் இடுப்புப் பட்டை, ஃபஹீட்டா சின்னப் பட்டை. பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பி.காம். படித்தவர்களுக்கு காஸ்ட் அக்கவுன்டிங்கில் பை-ப்ராடக்ட் என்று ஓர் அத்தியாயம் ஞாபகம் இருக்கலாம். பிரதானச் சரக்கைத் தயாரிக்கும்போது கூடவே வந்துவிழும் உதிரி. அதற்குத் தனியாக விலை போட மாட்டார்கள், வந்தவரை லாபம் என்று தள்ளிவிடுவார்கள். ஸ்கர்ட் ஸ்டேக் அப்படிப்பட்ட உதிரியாக இருந்தது. தெற்கு டெக்சஸ் பண்ணைகளில் வேலை செய்த மெக்ஸிகோ மாடோட்டிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாகத் தலை, குடல், தோல் இவற்றோடு இதையும் கொடுத்தார்கள். நல்ல கறி முதலாளிக்கு. தலை பார்பகோவா ஆயிற்று, குடல் மெனூடோ சூப் ஆயிற்று, இந்தப் பட்டைத் தசையைத் தணலில் சுட்டு, மெல்லிசாக அரிந்து, டோர்ட்டியாவில் சுற்றினார்கள்.

1969-ல் சானி ஃபால்கன் என்கிற கசாப்புக்காரர் டெக்சஸின் கைல் என்ற சின்ன ஊரில் ஒரு விழாவில் இதைக் கடை போட்டு விற்றார். 1973-ல் ஹூஸ்டனில் நின்ஃபா லொரென்ஸோ, கணவரை இழந்து, குடும்பத்தின் டோர்ட்டியா ஃபேக்டரி நொடித்த நிலையில், அதன் முன்பகுதியில் சில மேஜைகளைப் போட்டு இதையே பரிமாறினார். ஊர் திரண்டு வந்தது. 1980-களில் பெரிய ஹோட்டல் சங்கிலிகள் சுடச்சுடப் புகையும் இரும்புத் தட்டில் வைத்து நாடு முழுக்க விற்றன. உதிரி பிரதானமாகிவிட்டது. விலை ஏறிப்போய், கூலியாகக் கிடைத்த துண்டு, கூலிக்காரர் யோசித்து வாங்கும் துண்டாகிவிட்டது. செய்முறையில் 'ஏதாவது ஒரு ஸ்டேக்' என்று எழுதும்போது அழிவது இவ்வளவு கதையும்தான்.

ருசிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இந்தத் தசையில் நார்கள் கயிறு மாதிரி ஒரே திசையில் ஓடும். நீளவாக்கில் வெட்டினால் ரப்பர். குறுக்கே, நாரை அறுக்கிற மாதிரி மெல்லிசாக அரிந்தால் பல்லுக்கு வேலையே இல்லை. 'நீளநீளமாக வெட்டு' என்று மட்டும் சொல்லி, எந்தத் திசையில் என்று சொல்லாத செய்முறை, பாதி முகவரி எழுதிய கடிதம்.

அடுத்து, தீ. இறைச்சியும் டோர்ட்டியாவும் கேட்பது நேரெதிரான இரண்டு தீ. இறைச்சிக்கு வேண்டியது ஆவேசமான சூடு. மேலே பழுப்பேறி மணம் வருவது மயார் வினையால். பிரெஞ்சுக்காரர் மயார் 1912-ல் விவரித்தது. 140 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது சுறுசுறுப்பாக நடக்கும். ஈரம் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. குடமிளகாயையும் வெங்காயத்தையும் கூடவே போட்டால் அவை தண்ணீர் விடும், இறைச்சி வதங்காது, வேகும். சாம்பல் நிறத்தில் ஒரு சோகம் கிடைக்கும். இன்னொரு பக்கம், அதிக சூட்டில் சுட்டால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். 1847-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட நம்பிக்கை அது. ஹெரால்ட் மெக்கீ 1984-ல் 'ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்' புத்தகத்தில் அது தவறு என்று விளக்கிவிட்டார். சூடு மணத்துக்காக. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

டோர்ட்டியாவுக்கு வேண்டியது நேர்மாறு, மிதமான தீ. வெளியே மொறுமொறுப்பாவதற்கும் உள்ளே சீஸ் உருகுவதற்கும் ஒரே நேரம் பிடிக்க வேண்டும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே சீஸ் குளிர்ந்து கிடக்கும்.

சீஸ். துருவி பாக்கெட்டில் வருவதில், இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகும்போது அது குறுக்கே நிற்கும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஓஹாகா சீஸ் கிடைக்காத ஊரில் மொஸரெல்லா போதும், இரண்டும் இழுத்து இழுத்துச் செய்கிற ஒரே குடும்பம். பனீர் மட்டும் வேண்டாம். எலுமிச்சையோ வேறு புளிப்போ விட்டுத் திரித்த பால் என்ன சுட்டாலும் உருகாது.

கடைசியாக, பாக்கெட் மசாலா. நல்ல இறைச்சிக்கு உப்பு, கொஞ்சம் மிளகு, முடிந்தால் எலுமிச்சை. மசாலாவின் வேலை பெரும்பாலும் சாம்பல் நிறத்தை மறைப்பதுதான்.

*

ஆக, யோக்கியமான ஒரு செய்முறை இப்படி இருக்கும். ஸ்கர்ட் ஸ்டேக்கில் உப்புத் தடவி வையுங்கள். துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இரும்புக் கல்லைப் புகை வரும்வரை காயவிட்டு, ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிஷம், மறுபக்கம் இரண்டு மூன்று நிமிஷம். எடுத்து ஐந்து நிமிஷம் சும்மா விடுங்கள். பிறகு நாருக்குக் குறுக்கே அரிந்து, இன்னும் பொடியாக நறுக்குங்கள். கல்லைத் துடைத்து, தீயைக் குறைத்து, கோதுமை டோர்ட்டியாவைப் போடுங்கள். பாதியில் சீஸ், அதன்மேல் இறைச்சி, அதன்மேல் மறுபடி கொஞ்சம் சீஸ். மேலும் கீழும் ஒட்டிப் பிடிப்பது அதுதான். மடித்து, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். ஒரு நிமிஷம் பொறுத்து வெட்டுங்கள். அள்ளித் திணிக்காதீர்கள். கொஞ்சமாக வைத்தால்தான் மடிப்பு நிற்கும். வெங்காயமும் மிளகாயும் வேண்டுமென்றால் தனியாக வதக்கி, தண்ணீர் சுண்டியபின் சேர்க்கலாம். கோதுமை டோர்ட்டியாவுக்குப் பதில் சப்பாத்தியில் செய்தாலும் ஒன்றும் மோசமில்லை. சப்பாத்தியில் செய்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

மூன்று புத்தகங்களில் எது வேண்டும் என்று கேட்டால், மூன்றுமே அலமாரியில் இருக்கட்டும் என்பேன். வால்ஷிடம் பழைய படங்களும் வழக்கும் இருக்கின்றன. அரெயானோவிடம் நியாயம் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஆனால் சமைக்க உட்காரும்போது கைக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டியது டயானா கென்னடியைத்தான். அவர் போட்ட எல்லைக்கோட்டை நான் ஏற்கவில்லை. டெக்சஸ் பாட்டிகளுக்கு அது செய்த அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியும் ஏன் என்று கேட்பதையும், கற்றுக்கொடுத்தவர் பெயரைக் கூச்சமில்லாமல் எழுதுவதையும் அவரிடம்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் முறைப்படியே பார்த்தால் ஸ்டேக் கேசடியாவின் மேலேயும் சில பெயர்கள் இருக்க வேண்டும். சொனோராவின் டோர்ட்டியாக்காரிகள், சிவாவாவின் மெனோனைட் பால்காரர்கள், கைல் ஊரின் சானி ஃபால்கன், ஹூஸ்டனின் நின்ஃபா லொரென்ஸோ, கூலிக்குப் பதில் வயிற்றுத் தசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன, பெயர் தெரியாத மாடோட்டிகள். இவ்வளவு பேர் சேர்ந்து செய்த பண்டத்தைப் போலி என்று ஒதுக்கவும் கூடாது. 20 நிமிஷ அவசரத்தில் நாசம் பண்ணவும் கூடாது.